கோத்தகிரிச் சரிவில் எந்தப் பழமரம்? மாவா, பட்டர் ஃப்ரூட்டா, மரத்தக்காளியா?

போன வருடம் பங்குனியில், கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே நாற்பது சென்ட் நிலம் வாங்கினோம். பழைய தேயிலைக்காடு. கவாத்து பார்க்க ஆளில்லாமல் பாதிச் செடிகள் மரமாகிக் கிடந்தன. பத்திரம் முடிந்த அன்றைக்கே அப்பா சரிவில் இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். காரமடையில் சுண்ணாம்புக்கல்லோடு மல்லுக்கட்டியே வயதானவர் அவர்.

"மண்ணு என்னமா மெத்துனு இருக்குது பாரு அம்மிணி. இங்க ஒரு செந்தூரம், ஒரு மல்கோவா வெச்சா எப்படிக் காய்க்கும்!"

தம்பிக்குப் பப்பாளி ஆசை, அதுவும் பசுமைக்குடில் போட்டு. அம்மாவுக்கு நாலு வாழை இருந்தால் போதும். நான் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னேன். அந்த ஒரு வருடமும் மாதத்துக்கு இரண்டு தடவை மேலே போய்வந்தேன். வெப்பமானி ஒன்றை மாட்டி வைத்துக் குறித்தேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எது நிற்கிறது, எது காய்க்கிறது என்று பார்த்தேன். மலையில் கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டு, கீழ்நாட்டுப் பழத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைக்க நினைக்கும் நம் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயரக் கணக்கு. காரமடை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். எங்கள் சரிவு 1,750 மீட்டர் வாக்கில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் அங்கே எப்போதும் காரமடையைவிட எட்டு, ஒன்பது டிகிரி குறைவு. நமக்குச் சித்திரையில் 37 டிகிரி கொளுத்தும்போது மேலே 28, 29தான். மார்கழி, தையில் விடியற்காலையில் என் வெப்பமானி 8 டிகிரி வரை இறங்கியது. இதோடு மூடுபனி வேறு. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மறித்துக்கொள்கிறது. அதனால் ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் பல நாள் வெயில் முகமே தெரியாது.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். "அங்க உறைபனி விழுமா?" என்று மட்டும் கேட்கிறோம். விழாது என்றால் மா வைக்கலாம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். உறைபனி மரத்தைக் கொல்லும், உண்மைதான். ஆனால் கோத்தகிரிச் சரிவு மாதிரி இடத்தில் மரம் சாவது அரிது. காய்க்காமல் நிற்பதுதான் வழக்கம். மரம் பிழைப்பதற்கு ஒரு சூடு போதும். பூ பிடிக்க அதைவிடக் கூடுதலான சூடு வேண்டும். பழம் இனிக்க அதைவிடவும் கூடுதல். எந்தப் பழத்தைப் பற்றி யோசித்தாலும் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விக்கான விடையை நம் மலைப்பாதையே வரிசையாகக் காட்டுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் மலையடிவாரத்தில் கல்லாறு அரசுப் பழப்பண்ணை, 1900இல் தொடங்கியது. அதற்கு மேலே சுமார் 800 மீட்டரில் பர்லியாறு பண்ணை, 1871இல் தொடங்கியது. மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் இந்த இரண்டு இடத்திலும் உண்டு. இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறிக் குன்னூருக்குப் போனால் மங்குஸ்தானைத் தேட வேண்டியதில்லை. அங்கே பழவியல் நிலையத்தில் பெர்சிமன் என்ற குளிர்நாட்டுப் பழம் காய்த்துத் தொங்குகிறது. ஒரே மலை, ஒரே சாலை, பேருந்தில் ஒரு மணி நேரத் தூரம். நூறு வருடத்துக்கு முன்பே உயரம் பார்த்து இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலையில் நிலம் வாங்குகிறவர்கள் கன்று வாங்கும் முன் இந்த மூன்று இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

இனி மா. அப்பாவின் ஆசை என்பதால் இதைத்தான் அதிகம் விசாரித்தேன். மாமரம் 1,400 மீட்டர் வரை வளரும் என்றும், விற்பனைக்கு வளர்ப்பதாக இருந்தால் 600 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் தோட்டக்கலைப் பாடங்கள் சொல்கின்றன. மாவுக்குக் குளிர் பிடிக்காது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. பூ எடுக்கவே அதற்குக் கொஞ்சம் குளிர்ந்த இரவுகள் வேண்டும். நம் ஊரில் மார்கழிக் குளிர் தட்டியதும் பூ தள்ளுவது அதனால்தான். ஆனால் பூ விரிந்த பிறகு 15 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து நின்றால் மகரந்தம் செத்துப்போகும். பிஞ்சு பிடித்தாலும் உள்ளே பருப்பு இல்லாமல் சுண்டைக்காய் அளவில் நின்று கொட்டிவிடும். இதற்கு மேல் மூடுபனி ஈரம். சாம்பல் நோயும் கருகலும் பூங்கொத்தையே கறுப்பாக்கிவிடும். எங்கள் நிலத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி ஒரு மாமரம் நிற்கிறது. பெரிய மரம், இலையெல்லாம் பளபளவென்று இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் காய்க்குமா என்று கேட்டேன். "பூ வருமுங்க. ஊறுகாய்க்குக்கூட ஆகாதுங்க" என்றார். அப்பாவை அந்த மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போனேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். வண்டியில் திரும்பும்போதுதான் பேசினார். "செரி, மா நம்ம காட்டுலயே இருக்கட்டும்."

பப்பாளி இன்னும் எளிதாக ஏமாற்றும். ஆறு மாதத்தில் ஆளுயரம் வந்துவிடும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். காயும் பிடிக்கும். ஆனால் குளிரில் அது பழுப்பதற்கே மாதக்கணக்கில் இழுக்கும். பழுத்தாலும் வெறும் தண்ணீர்ச் சுவைதான். 12 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஐப்பசி மழையில் வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மரமே போய்விடும். ஆண்டிஸ் மலையில் குளிர் தாங்கும் மலைப்பப்பாளி ஒன்று உண்டு. அது வேறு இனம். பெரும்பாலும் சமைத்துச் சாப்பிடுகிற பழம். தம்பி கேட்கும் பப்பாளி அதுவல்ல.

அப்படியானால் பசுமைக்குடில்? கோத்தகிரிப் பக்கம் கொய்மலருக்குக் குடில் போடுகிறார்கள்; அது கண்ணில் பட்டுத்தான் தம்பிக்கு இந்த எண்ணம். குடில் பகல் சூட்டைக் கூட்டும், மழையைத் தடுக்கும். ஆனால் ராத்திரி சூடு மூட்டாத குடிலுக்குள்ளும் வெளிக்குளிருக்குச் சற்றேறக்குறைய அதே குளிர்தான். இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் பெரிது. மூடுபனி மாதங்களில் உள்ளே வெளிச்சமும் குறையும். நிஜமாகவே குளிர்நாட்டில் இருப்பவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் செலவு புரியும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் கண்ணாடி அறைக்குள் அன்னாசி வளர்த்தார்கள். தோல் பதனிட்டு மிஞ்சிய ஓக் பட்டையைக் குழியில் நிரப்பி, அது புளிக்கிற சூட்டில் தொட்டியைப் புதைத்து வைத்தார்கள். ஐஸ்லாந்தில் வாழை வளர்க்கிறார்கள் என்றால், பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் வருகிற நாடு அது. நம் நாற்பது சென்ட்டுக்கு மின்சாரம் போட்டு ராத்திரி முழுக்கச் சூடு காட்டி, பக்கத்துக் காரமடையில் விளைகிற பப்பாளியை விளைய வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பிக்கு இன்னும் மனது ஆறவில்லை. ஆனாலும் குடில் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வாழையில் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பழனிக்கு மேலே கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாட்சி வாழையையும் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் விளையும் சிறுமலை வாழையையும் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; இரண்டுக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்தின் ருசியே விருப்பாட்சிதான். முடிக்கொத்து நோய் வந்து 1970களில் அந்த மலைத்தோட்டங்கள் அழிந்ததும், பிறகு நோயில்லாத கன்று கொண்டு மீட்டதும் தனிக்கதை. அவை 600 முதல் 1,500 மீட்டர் வரைக்குமான வாழை. எங்கள் சரிவு அதற்கும் மேலே. 15 டிகிரியை ஒட்டி வாழைக்கு வளர்ச்சி நின்றுபோகும். தார் தண்டுக்குள்ளேயே சிக்கி வெளியே வர முடியாமல் திணறுவதும் உண்டு. ஆகவே அம்மாவுக்காக வீட்டுப் பின்சுவர் ஓரம், கழிவுநீர் போகிற இடத்தில் இரண்டு கட்டை. தார் வந்தால் சரி. வராவிட்டால் சாப்பாட்டுக்கு இலையாவது கிடைக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சமவெளியில் பிறந்த பழங்கள். வெப்பநாட்டிலும் மலை இருக்கிறது, அந்த மலையிலும் பழம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மெக்சிகோ, குவாத்தமாலா, ஆண்டிஸ் மலைகளில் நம் கோத்தகிரியின் உயரத்திலும் அதற்கு மேலும் தலைமுறை தலைமுறையாக விளைந்த பழங்கள் உண்டு. அவற்றுக்கு இந்தக் குளிர்தான் பிறந்த வீடு.

முதலாவது பட்டர் ஃப்ரூட். வெண்ணெய்ப்பழம் என்று எழுதினாலும் மலையில் எல்லோரும் பட்டர் ஃப்ரூட் என்றுதான் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக நம் பக்கம் வந்தது. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டத்துக்குள் நிழல்மரமாக நின்றுகொண்டிருந்த இதற்கு, கோயம்புத்தூர்க் கடைகளில் இப்போதுதான் மவுசு. இதில் மூன்று கிளை உண்டு. மேற்கிந்தியக் கிளை தாழ்நாட்டுக்கானது. குளிரில் இலை கருகும். குவாத்தமாலாக் கிளையும் மெக்சிகோக் கிளையும் மலைக்கானவை. வளர்ந்த மெக்சிகோ மரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி வரைகூடத் தாங்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஏற்கெனவே பணத்தைத் தொலைத்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன்பு உறவுக்காரர் ஒருவரின் மலைத்தோட்டத்துக்காகச் சமவெளி நாற்றங்கால் ஒன்றில் ஆறு கன்று வாங்கிக் கொடுத்தேன். ஒட்டுக்கன்று என்றுதான் விலை வைத்தார்கள். இரண்டாம் வருடம் மூடுபனியில் நாலு கன்று நுனி கருகி நின்றது. குனிந்து பார்த்தால் ஒட்டுக்கட்டிய தடமே இல்லை, அத்தனையும் விதைக்கன்று. இப்போது நான் கன்று வாங்கும்போது மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒட்டு என்றால் அங்கே ஒரு கணு புடைத்திருக்கும், மேலேயும் கீழேயும் பட்டை நிறம் மாறியிருக்கும். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகலாம். காய்த்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பழம் என்பதே தெரியும். ஒட்டுக்கன்று மூன்று, நாலு வருடத்தில் காய்க்கும்.

எந்த ரகம் என்பதில்தான், மரம் பிழைக்குமா, பூ பிடிக்குமா என்ற என் முன்கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. ஃபுவெர்டே என்று ஒரு ரகம். 1911இல் மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மொட்டுக்குச்சியாகப் போனது. 1913இல் அங்கே விழுந்த கடும் உறைபனியில் மற்றவை செத்தபோது இது பிழைத்தது. ஸ்பானிய மொழியில் ஃபுவெர்டே என்றால் வலியது. பெயர் அப்படித்தான் வந்தது. குளிர் தாங்குகிற இந்த மரத்தைக் கேட்டதும் இதுதான் நமக்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் மரத்துக்கு இருக்கிற வலிமை பூவுக்கு இல்லை. பூக்கிற சமயத்தில் குளிராக இருந்தால் ஃபுவெர்டே காய் பிடிப்பது குறைந்துவிடும். ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் சோரும். கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் தோட்டத்தில் விதையிலிருந்து முளைத்து, 1935இல் காப்புரிமை பெற்ற ஹாஸ் ரகம் உறைபனியை அவ்வளவு தாங்காது. ஆனால் குளிர்ந்த பூக்காலத்திலும் ஓரளவு நிலையாகக் காய்க்கும். எங்கள் சரிவில் உறைபனி அரிது, பூக்காலக் குளிரோ நிச்சயம். அதனால் ஹாஸ்தான் முக்கியம், ஃபுவெர்டே துணைக்கு.

துணை ஏன் என்றால், பட்டர் ஃப்ரூட் பூ ஒரே பூவாக இருந்தாலும் ஒரு வேளை பெண், மறுவேளை ஆண். ஹாஸ் வகையில் பூ காலையில் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் பிற்பகலில் ஆணாக விரியும். ஃபுவெர்டே வகை பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்கு உதவும். தேனீப்பெட்டி ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. கீழ்ப்பழனி மலையின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 ரகமும் இருக்கிறது. அது ஏறக்குறைய ஆயிரம் மீட்டரில் தேர்ந்தது என்பதால் எங்கள் உயரத்தில் ஒன்று மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இதன் எதிரி குளிரல்ல, தேங்குகிற தண்ணீர். வேரழுகல் வந்துவிட்டால் இலை சிறுத்து, மஞ்சளாகி, உச்சியிலிருந்து காய்ந்து வரும். அதன்பின் காப்பாற்றுவது கடினம். சரிவு நிலம் இந்த வகையில் நமக்கு வரம். குழிக்குள் நடாமல் மண்ணைக் கூட்டி மேட்டில் நட வேண்டும். தேயிலை நின்ற மண் அமிலம் மிகுந்தது. பரிசோதித்துப் பார்த்து டோலமைட் சுண்ணாம்பு போடாமல் நடக் கூடாது. இந்தப் பழத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், இது மரத்தில் கனிவதில்லை. முற்றிய காய் கிளையிலேயே வாரக்கணக்கில் காத்திருக்கும், பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். வாரக்கடைசியில் மட்டும் மேலே போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தோதான பழம் கிடையாது.

மரத்தக்காளி அடுத்தது. நீலகிரியில் வீட்டுக்கு வீடு இருப்பதால் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆண்டிஸ் மலைச்செடி, நியூசிலாந்துக்காரர்கள் 1967இல் இதற்குத் தமரில்லோ என்று பெயர் சூட்டி உலகச் சந்தைக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருடத்தில் காய்க்கும். பட்டர் ஃப்ரூட்டுக்குக் காத்திருக்கும் காலத்தில் வீட்டில் எல்லோருடைய கைக்கும் ஒரு பழம் வேண்டும், அதற்கு இதுதான். வேர் ஆழம் போகாததால் காற்றில் சாய்ந்துவிடும், முட்டுக் கொடுக்க வேண்டும். பத்து வருடத்தில் ஓய்ந்துவிடும், அதற்குள் பெரிய மரங்கள் வந்துவிடும். சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து நசுக்கினால் ராகிக் களிக்கு அருமையான தொக்கு.

பேஷன் ஃப்ரூட் மரமல்ல, கொடி. ஊதாப்பழ வகை குளிர் மலைக்கு, மஞ்சள்பழ வகை கீழ்நாட்டுக்கு; மாற்றி வாங்கிவிட வேண்டாம். கம்பிவேலி எப்படியும் போடத்தான் வேண்டும், அதில் ஏற்றிவிடலாம். செரிமோயா நம் சீத்தாப்பழத்தின் மலைநாட்டு உறவு; ருசியில் அதற்கு நிகரில்லை என்பேன். பூ முதலில் பெண்ணாகி, மறுநாள் ஆணாவதால், தூரிகையால் நாமே மகரந்தம் தடவினால்தான் நன்றாகக் காய்க்கும். தினமும் அங்கே இருப்பவர்களுக்கான மரம் அது. பெர்சிமன் வெப்பநாட்டுப் பழமே அல்ல. ஆனால் குன்னூரில் நிரூபித்த பழம் என்பதால் ஒன்று வைக்கிறேன். ஆப்பிள் வேண்டாம். பழைய ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் வரை வேண்டும், கோத்தகிரியில் அவ்வளவு குளிர் கிடையாது.

பலாவைப் பற்றிப் பெரியம்மா கேட்டார்கள். எங்கள் உயரத்தில் அது காய்ப்பதே சந்தேகம். காய்த்தால் சந்தேகத்தைவிடப் பெரிய சங்கடம். பலா சீசனில் பர்லியாறு பக்கம் யானை இறங்குவதை எல்லோரும் அறிவார்கள். கோத்தகிரியில் கரடி வீட்டு வாசல் வரை வருகிறது. பழவாசம் தூக்கும் மரத்தைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே வைப்பது அதற்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. கொய்யாவையும் இதனாலேயே விட்டுவிட்டேன். நிலத்தின் மேல்கோடியில் தானாக முளைத்து நிற்கும் தவிட்டுப்பழச் செடிகளை மட்டும் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஊதாப்பூவும் சின்னப் பழமுமாக அது இந்த மலையின் சொந்தக் கொய்யா, குருவிகளுக்கும் வேண்டும்.

இடம் பிரிப்பதில் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி. ராத்திரியில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி தலைக்குந்தா மாதிரித் தாழ்வான இடங்களில் முதலில் வெளுப்பது அதனால்தான். ஆகவே நிலத்தின் அடிப்பகுதியில் பெர்சிமன். நடுச்சரிவில் ஹாஸ் ஆறு, ஃபுவெர்டே இரண்டு, டி.கே.டி. ஒன்று, மேலே பாறை ஓரம், பகல் சூட்டைக் கல் வாங்கி வைத்திருக்கும் இடத்தில் மரத்தக்காளி எட்டு. முதல் இரண்டு குளிர்காலத்துக்குக் கன்றுகளுக்கு மூடாக்கு வேண்டும். ஊட்டிப் பூங்காவில் பூச்செடிகளுக்கு மிலார் கொத்து வைத்து மறைப்பார்களே, அதுவே போதும். காற்றும் போகும், பனியும் நேராக விழாது.

குழி வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. ஆனி கடைசியில் நட்டால் ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அப்பா காரமடைத் தோட்டத்துச் செந்தூரத்துக்கு அடியில் இரண்டு வண்டி எரு கொட்டி வைத்திருக்கிறார். "இதுல பாதி மேல போகோணும். அந்தப் பட்டர் ஃப்ரூட்டுக்கு எத்தன கூடை போடறதுன்னு கேட்டுச் சொல்லு அம்மிணி" என்கிறார். குழிக்கு ஒரு கூடை போதுமுங்கப்பா என்றேன். இரண்டு கூடையாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.